ஸ்டார்ட் மெனுவை மீட்டுத்தர 5 டாலர்: விண்டோஸோடு மல்லுக்கட்டும் தனி ப்ரோகிராமர்கள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதனாலேயே விண்டோஸ் 11-க்கு மாறியவர்கள் நிறைய பேர். மாறியதும் முதலில் எழுகிற கேள்வி இதுதான்: "ஸ்டார்ட் பட்டன் எதுக்கு நடுவுல வந்து உட்கார்ந்திருக்கு?"

அதை செட்டிங்ஸில் போய் இடது பக்கம் தள்ளிவிடலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் அப்படி வழி இருக்கவில்லை. 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வெளியானபோது, டாஸ்க்பாரைத் திரையின் மேலேயோ பக்கவாட்டிலோ வைக்கும் வசதியே காணாமல் போயிருந்தது. திறந்திருக்கும் ஒவ்வொரு விண்டோவையும் பெயரோடு தனித்தனியாகக் காட்டும் வசதியும் இல்லை. அது திரும்பி வரவே 2023 ஆனது. ரைட் கிளிக் செய்தால் பாதி மெனுதான் வரும். மீதியைப் பார்க்க இன்னொரு கிளிக்.

இதெல்லாம் சின்ன விஷயம்தானே என்று தோன்றலாம். தினமும் எட்டு, ஒன்பது மணி நேரம் அந்தத் திரைக்கு முன்னால் உட்காருபவர்களிடம் கேட்டால் வேறு பதில் வரும். கை பழகிய இடத்தில் பொருள் இல்லை என்றால் அது ஒவ்வொரு நாளும் உறுத்தும்.

இந்த உறுத்தலைச் சரிசெய்யத்தான் சில ப்ரோகிராமர்கள் தனி ஆளாகவே மென்பொருள் எழுதி, ஒரு சாப்பாட்டு விலைக்கு விற்கிறார்கள். அதில் அதிகம் பேசப்படுவது 'ஸ்டார்ட்ஆல்பேக்'. ஒரு கம்ப்யூட்டருக்கு 4.99 டாலர், நம்ம ஊர் கணக்கில் ஏறக்குறைய 400 ரூபாய். 100 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். பிடித்தால் காசு, பிடிக்கவில்லையென்றால் நீக்கிவிடலாம்.

டிரில்லியன் டாலர் நிறுவனம் வடிவமைத்த டெஸ்க்டாப்பை ஒரு தனி ஆள் எப்படி மாற்ற முடிகிறது? அதற்கு ஏன் காசு? அந்தக் காசைக் கொடுப்பது புத்திசாலித்தனமா?

டெஸ்க்டாப் என்பது கடையின் முகப்பு

ஒரு கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் குடோன். சரக்கு வருவது, அடுக்குவது, எடுப்பது எல்லாம் அங்கே நடக்கும். வாடிக்கையாளர் கண்ணில் படுவது முன்னால் இருக்கும் முகப்பு மட்டும்தான்.

விண்டோஸும் இப்படித்தான். மெமரி, ஹார்ட் டிஸ்க், கீபோர்டு போன்றவற்றைக் கவனிப்பது கெர்னல், அதாவது குடோன். ஸ்டார்ட் மெனு, டாஸ்க்பார், ஐகான்கள், ஃபோல்டர் விண்டோ ஆகியவை சேர்ந்தது 'ஷெல்', அதாவது முகப்பு. இந்த ஷெல்லாக இயங்கும் ப்ரோகிராமின் பெயர் எக்ஸ்ப்ளோரர். குடோனில் கை வைக்காமல் முகப்பை மட்டும் மாற்ற முடியும். டெஸ்க்டாப்பை மாற்றும் எல்லா மென்பொருள்களுக்கும் அடிப்படை இதுதான்.

இது புதுசும் இல்லை. 1992-ல் வந்த விண்டோஸ் 3.1-ல் ஸ்டார்ட் மெனுவே கிடையாது. 'ப்ரோகிராம் மேனேஜர்' என்ற விண்டோவில் ஐகான்கள் வரிசையாக இருக்கும். எந்த ஷெல்லை இயக்க வேண்டும் என்பது 'சிஸ்டம் டாட் ஐஎன்ஐ' என்ற சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் ஒரே ஒரு வரியாக எழுதப்பட்டிருக்கும். அந்த வரியில் வேறு ப்ரோகிராமின் பெயரை எழுதி, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தால் போதும், டெஸ்க்டாப்பே மாறிவிடும். 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்து ஸ்டார்ட் பட்டனை அறிமுகப்படுத்தியது. பழைய கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்காக, விண்டோஸ் 3.1-ஐயே விண்டோஸ் 95 போலக் காட்டும் 'கால்மிரா' என்ற ஷெல்லும் அப்போது வந்தது. அதை எழுதியதும் தனி ஆள்தான்.

'ஷேர்வேர்' என்றால் என்ன?

வின்ராரைப் பயன்படுத்தியவர்களுக்கு இது புரியும். 40 நாள் முடிந்ததும் "காசு கட்டி வாங்குங்கள்" என்று நினைவூட்டும், ஆனால் ஓடிக்கொண்டேதான் இருக்கும். முதலில் பயன்படுத்து, பிறகு பணம் கொடு. ஷேர்வேர் என்பது இதுதான்.

இந்த யோசனை 1982-ல் அமெரிக்காவில் பிறந்தது. ஆண்ட்ரூ ஃப்ளூகல்மேன் என்பவர் 'பிசி-டாக்' என்ற மென்பொருளை எழுதினார். கடையில் விற்கவில்லை. யார் வேண்டுமானாலும் காப்பி எடுத்துக்கொள்ளலாம், பிடித்திருந்தால் 25 டாலர் அனுப்புங்கள் என்றார். கிட்டத்தட்ட அதே சமயத்தில் ஜிம் நாஃப் என்பவர் தன் டேட்டாபேஸ் மென்பொருளான 'பிசி-ஃபைல்'-ஐயும் இதே வழியில் கொடுத்தார். மைக்ரோசாஃப்டின் ஆரம்பகால ஊழியர்களில் ஒருவரான பாப் வாலஸ், அங்கிருந்து விலகி 'பிசி-ரைட்' என்ற வேர்டு ப்ராசஸரை எழுதி, இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். 75 டாலர் கட்டிப் பதிவு செய்தால் அச்சிட்ட கையேடு கிடைக்கும். பதிவு செய்தவர் தன் காப்பியை நண்பருக்குக் கொடுத்து, அந்த நண்பரும் பதிவு செய்தால், கொடுத்தவருக்கு 25 டாலர் கமிஷன்! 'ஷேர்வேர்' என்ற சொல்லைப் பிரபலமாக்கியவரும் வாலஸ்தான்.

கடை வாடகை, விளம்பரம், அட்டைப்பெட்டி என்ற எந்தச் செலவும் இல்லை. அதனால் ஒரே ஒரு ஆள், வீட்டில் உட்கார்ந்து, குறைந்த விலைக்கு மென்பொருள் விற்க முடிந்தது. 40 வருடங்களுக்கும் மேல் ஆகியும் அந்த முறை உயிரோடு இருக்கிறது. ஃப்ளாப்பிக்குப் பதில் டவுன்லோடு, தபாலில் செக்குக்குப் பதில் ஆன்லைன் பேமென்ட், அவ்வளவுதான் மாற்றம்.

ஸ்டார்ட் பட்டனைக் காணோம்!

2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்தபோது ஸ்டார்ட் பட்டன் இருந்த இடம் காலி. டேப்லெட்டுகளை மனதில் வைத்து, திரை முழுக்கக் கட்டம் கட்டமாகப் புதிய பக்கம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்திருந்தது. ஸ்டார்ட் மெனுவை மக்கள் முன்போல் பயன்படுத்துவதில்லை என்று தன் தரவுகளைக் காட்டி வாதிட்டது.

மக்கள் அதை ஏற்கவில்லை. பழைய மெனுவைத் திருப்பித் தரும் மென்பொருள்களுக்குத் திடீரென்று கிராக்கி வந்தது. ஸ்டார்டாக் நிறுவனம் 'ஸ்டார்ட்8'-ஐ 4.99 டாலருக்கு விற்றது. இணையத்தில் 'டிஹி' என்ற புனைபெயரில் அறியப்படும் ப்ரோகிராமரின் 'ஸ்டார்ட்இஸ்பேக்', அதைவிடக் குறைந்த விலைக்கு வந்தது. இன்றைய ஸ்டார்ட்ஆல்பேக்குக்கு மூத்த அண்ணன் அது. இவை எல்லாவற்றுக்கும் முன்பே, 2009-லிருந்து, ஐவோ பெல்ட்சேவ் என்பவர் 'கிளாசிக் ஷெல்'-ஐ முழுக்க இலவசமாகக் கொடுத்துவந்தார்.

கடைசியில் மைக்ரோசாஃப்ட் இறங்கி வந்தது. 2013-ல் விண்டோஸ் 8.1-ல் பட்டன் திரும்பியது. 2015-ல் விண்டோஸ் 10-ல் மெனுவும் திரும்பியது. அதோடு இந்த மென்பொருள்களின் கதை முடிந்துவிடும் என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். ஆனால் உண்மையான சிக்கலே அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

ஒரு முறை எழுதினால் முடிந்துவிடாதா?

முடியாது. முழு எக்ஸ்ப்ளோரரையும் தூக்கிவிட்டு வேறு ஷெல் வைப்பது ஒரு வழி. ஆனால் கிளாசிக் ஷெல், ஸ்டார்ட்ஆல்பேக் போன்றவை வேறு வழியில் போகின்றன. எக்ஸ்ப்ளோரர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்குள் நுழைந்து, ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும், டாஸ்க்பார் எப்படித் தெரிய வேண்டும் என்பதை மாற்றுகின்றன. இதற்கு மைக்ரோசாஃப்ட் அதிகாரபூர்வமாக எந்த வழியும் கொடுக்கவில்லை. எக்ஸ்ப்ளோரரின் உள்ளமைப்பை ப்ரோகிராமரே ஆராய்ந்து கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்த அப்டேட்டில் அந்த உள்ளமைப்பை மைக்ரோசாஃப்ட் மாற்றினால்? கண்டுபிடித்தது வீண். திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

விண்டோஸ் 10 காலத்தில் பெரிய அப்டேட்டுகள் வருடத்துக்கு இரண்டு முறை வர ஆரம்பித்தன. ஒவ்வொரு முறையும் கிளாசிக் ஷெல்லில் ஏதாவது ஒன்று உடைந்தது. 2017 டிசம்பரில் பெல்ட்சேவ் நிறுத்திக்கொண்டார். நேரம் இல்லை, விண்டோஸ் அடிக்கடி மாறுகிறது, ஒவ்வொரு மாற்றத்தையும் துரத்திப்பிடிக்க முடியவில்லை என்பதுதான் அவர் சொன்ன காரணங்களின் சாரம். போகும்போது சோர்ஸ் கோடை எல்லோருக்கும் திறந்துவிட்டார். அதை எடுத்துக்கொண்ட தன்னார்வலர்கள் 'ஓப்பன்-ஷெல்' என்ற பெயரில் தொடர்கிறார்கள்.

விண்டோஸ் 11-லும் இதே துரத்தல்தான். 2023-ல் வந்த ஒரு அப்டேட்டுக்குப் பிறகு, ஸ்டார்ட்ஆல்பேக், 'எக்ஸ்ப்ளோரர்பேட்சர்' போன்றவை இருந்த சில கம்ப்யூட்டர்களில் எக்ஸ்ப்ளோரர் திரும்பத் திரும்ப க்ராஷ் ஆனது. டெஸ்க்டாப்பே சரியாக வரவில்லை. அப்டேட் போடுவதற்கு முன் இவற்றை நீக்கிவிடுங்கள் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 2024-ல் விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு சோதனையில் இருந்தபோது, இவற்றின் பழைய பதிப்புகளை விண்டோஸே தடுத்தது. ஃபைலின் பெயரை மாற்றினால் தடை வேலை செய்யவில்லை என்பதைப் பயனர்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். அது வேறு கதை. இரண்டு முறையும் டெவலப்பர்கள் புதிய பதிப்பை வெளியிட்டுச் சமாளித்தார்கள்.

அப்படியென்றால் 400 ரூபாய் எதற்கு?

விலையின் அர்த்தம் இங்கேதான் இருக்கிறது. நீங்கள் காசு கொடுப்பது பழைய மெனுவின் படத்துக்கு மட்டும் கிடையாது. அடுத்த அப்டேட் வந்து எல்லாம் உடையும்போது, யாரோ ஒருவர் மற்ற வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு அதைச் சரிசெய்ய உட்கார வேண்டும். அந்த உழைப்புக்கான கூலி அது. விண்டோஸ் 11-க்கான ஸ்டார்ட்ஆல்பேக்குக்குப் புது லைசென்ஸ் வாங்க வேண்டியிருப்பதையும் இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் புரியும்.

கூலியே வாங்காத ஒருவர் எட்டு வருடம் அதைச் செய்துவிட்டுச் சோர்ந்துபோனார். சின்னத் தொகை வாங்கியவர் 2012-லிருந்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார். காசு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. இலவசமான ஓப்பன்-ஷெல்லும் எக்ஸ்ப்ளோரர்பேட்சரும் தன்னார்வலர்களின் உழைப்பால் நிற்கின்றன. ஆனால் இலவசம் என்பதும் யாரோ ஒருவருடைய நேரம்தான். அது எப்போது தீரும் என்று பயன்படுத்துபவருக்குத் தெரியாது.

குறைந்த விலைக்கும் காரணம் உண்டு. இதே விஷயம் 50 டாலர் என்றால், "பட்டன் நடுவுலயே இருந்துட்டுப் போகட்டும்" என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். பழகிக்கொள்வதுதான் இந்த மென்பொருளுக்கு உண்மையான போட்டி. அதற்கு ஆகும் செலவு பூஜ்யம்.

போடலாமா, வேண்டாமா?

போடுவதற்கு முன் சில விஷயங்களைக் கவனத்தில் வைப்பது நல்லது.

ஆபீஸ் லேப்டாப் என்றால் வேண்டாம். ஐடி டீமிடம் கேட்காமல் எக்ஸ்ப்ளோரரில் கை வைக்கும் மென்பொருளைப் போட்டால், அப்டேட்டில் ஏதாவது ஆகும்போது பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

டவுன்லோடு செய்யும் இடம் முக்கியம். 2016 ஆகஸ்டில் ஹேக்கர்கள் ஒரு டவுன்லோடு தளத்துக்குள் புகுந்து, கிளாசிக் ஷெல்லின் இன்ஸ்டாலருக்குப் பதிலாக மால்வேரை வைத்துவிட்டார்கள். அதை ஓடவிட்டவர்களின் ஹார்ட் டிஸ்க்கில் பூட் ஆகும் பகுதியே அழிக்கப்பட்டு, விண்டோஸ் திறக்காமல் போனது. டெவலப்பரின் சொந்தத் தளத்தைத் தவிர வேறு எங்கும் எடுக்காதீர்கள். 400 ரூபாயை மிச்சப்படுத்த 'க்ராக்' பதிப்பைத் தேடுவது இதைவிட ஆபத்து. எக்ஸ்ப்ளோரருக்குள் நுழையும் மென்பொருள், நீங்கள் திறக்கும் ஃபோல்டர்களுக்கு மிக அருகில் உட்கார்ந்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

பெரிய அப்டேட்டுக்கு முன் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் மென்பொருளை நீக்கிவிட்டு அப்டேட் போடுங்கள். பிறகு திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

தனி ஆள் என்பது பலமும் பலவீனமும். குறையைச் சொன்னால் சீக்கிரம் சரியாகலாம். அதே ஆள் நாளைக்கு நிறுத்திவிட்டால், சோர்ஸ் கோடு மூடியிருக்கும் மென்பொருளை எடுத்து நடத்த வேறு ஆள் கிடைக்காது. கிளாசிக் ஷெல் பிழைத்ததற்குக் காரணம் அது திறந்துவிடப்பட்டதுதான்.

இதையெல்லாம் யோசித்த பிறகும் டாஸ்க்பார் உறுத்துகிறது என்றால், சோதனைக் காலம் இருக்கவே இருக்கிறது. 100 நாளில் கை எதற்குப் பழகுகிறது என்று பார்த்துவிடலாம். பழையதுதான் வேண்டும் என்று தோன்றினால் கொடுக்க வேண்டியது 400 ரூபாய். அடுத்த அப்டேட்டுக்காகக் கண்விழித்துக் காத்திருக்கும் அந்த ஒருவருக்கு, அதுதான் சம்பளம்.