சொல்லின் சேர்க்கை

ஆங்கில வினைச்சொல் ஒன்றை அகராதியில் தேடி, அதற்கு நேரே இருக்கும் தமிழ்ப் பொருளை மனப்பாடம் செய்துவிட்டால் அந்தச் சொல் கைவந்துவிட்டது என்று நம்புகிறோம். பள்ளியிலும் பெரும்பாலும் அப்படித்தான் பழக்குகிறார்கள். 'த்ரைவ்' என்ற சொல்லை வைத்து இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கலாம். செழி, தழை, வளம்பெறு என்று அகராதி பொருள் தரும். மூன்றிலும் பிழையில்லை. ஆனால் அந்த மூன்றை மட்டும் நம்பி எழுதும் மாணவர், உழவர் பயிரைச் செழிக்க வைத்தார் என்பதற்கு 'த ஃபார்மர் த்ரைவ்டு த க்ராப்' என்று எழுதிவிடுவார். பயிர் த்ரைவ் ஆகலாம். பயிரை யாரும் த்ரைவ் ஆக்க முடியாது. இந்த வினை செயப்படுபொருளை ஏற்காது என்ற செய்தி, மனப்பாடம் செய்த அந்தப் பொருளில் எங்கும் இல்லை. ஒரு வினையின் முன்னால் யார் வருகிறார்கள், பின்னால் எது ஒட்டுகிறது என்பதும் அதன் பொருளில் ஒரு பகுதிதான். அதை வாக்கியத்தில் வைத்துத்தான் கற்க முடியும்.

முன்னால் வருபவர்களை முதலில் பார்ப்போம். செடி, குழந்தை, கடை, ஊர், கலை எல்லாம் த்ரைவ் ஆகும். கொசுவும் ஆகும், வதந்தியும் ஊழலும்கூட ஆகும். தமிழில் செழிப்பு நல்லதற்கே உரியது. கொசு பெருகும், ஊழல் தலைவிரித்தாடும் என்போமே தவிர, அவை செழிக்கின்றன என்று சொல்ல நாக்கு வராது. ஆங்கிலச் சொல்லுக்கு இந்த நல்லது கெட்டது இல்லை. தனக்கு ஏற்ற சூழல் கிடைத்து ஒன்று நன்றாக வளர்கிறதா என்பதே அதற்கு முக்கியம். அதனால்தான் பின்னால் 'இன்', 'ஆன்' என்ற இரண்டு சிறு சொற்கள் அடிக்கடி வந்து ஒட்டுகின்றன. 'மொஸ்கிட்டோஸ் த்ரைவ் இன் ஸ்டாக்னண்ட் வாட்டர்' என்றால் தேங்கிய நீர் கொசுவுக்கு ஏற்ற இடம். 'ஷி த்ரைவ்ஸ் ஆன் பிரஷர்' என்றால் நெருக்கடிதான் அவருக்கு ஊட்டம். வேலை குவியக் குவிய அவருக்கு உற்சாகம் கூடுகிறது. அக்கம்பக்கத்துச் சொற்களுக்கு வேறு சேர்க்கை. 'ப்ராஸ்பர்' பெரும்பாலும் செல்வத்தையும் வெற்றியையும் ஒட்டி வரும். 'ஃப்ளரிஷ்' செழிப்பதைச் சொல்வதோடு, வாளையோ காகிதத்தையோ பிறர் பார்க்க வீசிக் காட்டுவதையும் குறிக்கும். அப்போது அது செயப்படுபொருளையும் ஏற்கும்.

இந்த வேறுபாடு தேர்வுத் தாளோடு நின்றுவிடுவதில்லை. குழந்தைகள் மருத்துவத்தில் 'ஃபெயிலியர் டு த்ரைவ்' என்றொரு தொடர் உண்டு. வயதுக்கு ஏற்ப எடை கூடாமல் வளர்ச்சி பின்தங்குவதைக் குறிப்பது அது. மருத்துவச் சீட்டில் அதைப் படிக்கும் தாய்க்கு 'ஃபெயிலியர்' மட்டும் புரிந்தால் நெஞ்சு பதறும். போதிய உணவு சேரவில்லையா, உடலில் வேறு குறை உண்டா என்று காரணம் தேடச் சொல்லும் குறிப்பு அது என்பது, முழுத் தொடரையும் ஒன்றாக அறிந்தவருக்கே தெரியும்.

அகராதி செய்தவர்களே இந்த வழிக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹெரால்ட் பாமர், சேர்ந்தே வரும் சொற்களைத் திரட்டி 1933-இல் அறிக்கையாக வெளியிட்டார். அங்கே அவரோடு பணியாற்றிய ஹார்ன்பி, ஒவ்வொரு வினையும் எந்த வாக்கிய அமைப்பில் வரும் என்று காட்டும் அகராதியை உருவாக்கினார். 1942-இல் டோக்கியோவில் வெளியான அதுதான் பிறகு ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதியாக உலகெங்கும் பரவியது. 1987-இல் ஜான் சிங்க்ளேரின் குழு வெளியிட்ட கோபில்டு அகராதி இன்னும் ஒரு படி மேலே போய், பொருளையே முழு வாக்கியமாக எழுதியது. தமிழிலும் 1992-இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, இன்றைய எழுத்திலிருந்து சொற்களைத் திரட்டி எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு தந்தது. அந்நிய மொழி கற்பவரின் தேவையை நேரில் கண்டவர்கள் இந்த முயற்சியைத் தொடங்கிவைத்தார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

'க்ரோ வெல்' என்று சொன்னால் போதாதா, இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். பேச்சுக்குப் பல இடங்களில் போதும். ஆனால் செய்தித்தாளும் தேர்வுப் பத்தியும் மருத்துவச் சீட்டும் நமக்காகச் சொல்லை மாற்றிக்கொள்வதில்லை. வாக்கியத்தை மனப்பாடம் செய்வதும் உருப்போடுவதுதானே என்பது இன்னொரு கேள்வி; இதில் நியாயம் அதிகம். ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அது உருப்போடுவதேதான். வாக்கியத்தில் ஓரிடத்தை மாற்றிப் பார்க்கும்போதுதான் கற்றல் தொடங்குகிறது. 'மொரிங்கா த்ரைவ்ஸ் இன் டிரை சாயில்' என்ற வாக்கியத்தில் முருங்கைக்குப் பதில் பனையை வைக்கலாம். அதே இடத்தில் நெல்லை வைத்தால் இலக்கணம் நிற்கும், உண்மை நிற்காது. அப்போது 'டிரை சாயில்' என்பதை மாற்றியாக வேண்டும். முருங்கையின் இயல்பைச் சொல்வதால் அங்கே 'த்ரைவ்ஸ்' வந்தது. பேருந்து நிலையத்து டீக்கடையில் இப்போது வியாபாரம் அமோகமாக நடக்கிறது என்றால் 'இஸ் த்ரைவிங்' என்று எழுத வேண்டும். இறந்த காலத்துக்குப் பழைய நூல்களில் 'த்ரோவ்' என்ற வடிவம் கண்ணில் படலாம். இன்று எழுத 'த்ரைவ்டு' போதும்.