பூட்டுக்கு வாடகை கேட்டவர்கள்

வங்கிக் கணக்கைப் பார்க்கவோ ரயில் பயணச்சீட்டு எடுக்கவோ இணையத்துக்குள் நுழையும்போது, முகவரியின் ஓரத்தில் ஒரு சிறிய பூட்டுச் சின்னம் தோன்றுவதைப் பலரும் கவனித்திருப்பார்கள். நாம் அனுப்பும் தகவலை இடையில் எவரும் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்திருக்கிறார்கள் என்பதன் அடையாளம் அது. அந்தப் பூட்டின் மீது தனக்கு உரிமை உண்டு என்று சொல்லி, அமெரிக்காவில் ஒரு நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட வணிக நிறுவனங்களிடம் பணம் பெற்றது.

டிக்யூபி டெவலப்மென்ட் என்பது அதன் பெயர். அது எந்தப் பொருளையும் தயாரிக்கவில்லை. எந்தச் சேவையையும் வழங்கவில்லை. அதன் கையிலிருந்தது, மோடம் தொழிலில் இருந்த ஒருவர் 1989இல் விண்ணப்பித்து 1995இல் பெற்ற ஒரு காப்புரிமை. இணையதளங்கள் பயன்படுத்திய எஸ்எஸ்எல் நெறிமுறையும் ஆர்சி4 என்னும் குறியாக்க முறையும் சேரும்போது அந்தக் காப்புரிமை மீறப்படுகிறது என்பது அதன் வாதம். ஆர்சி4 முறையை ரான் ரிவெஸ்ட் 1987இலேயே வடிவமைத்துவிட்டார். இணையப் பாதுகாப்பின் அடித்தளமான பொதுத் திறவுகோல் கோட்பாட்டை விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் 1976இலேயே வெளியிட்டிருந்தனர்.

அப்படியிருந்தும் ஏறத்தாழ 140 நிறுவனங்கள் சமரசம் செய்துகொண்டு, மொத்தம் 4.5 கோடி டாலர் கொடுத்தன. சராசரியாக ஒரு நிறுவனத்துக்கு மூன்று லட்சம் டாலருக்குச் சற்று அதிகம். அமெரிக்காவில் ஒரு காப்புரிமை வழக்கை விசாரணை முடியும்வரை நடத்தப் பல பத்து லட்சம் டாலர் செலவாகக்கூடும். வென்றாலும், பொதுவாக அவரவர் வழக்குச் செலவு அவரவரையே சேரும். எனவே, தன் பக்கம் நியாயம் இருப்பதை அறிந்த வணிகருக்கும் பணத்தைக் கொடுத்து விலகுவதே லாபம். இங்கே விலையைத் தீர்மானித்தது கண்டுபிடிப்பின் மதிப்பு அன்று; வழக்கறிஞர் கட்டணம்.

இதில் இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. பொருள் தயாரிக்கும் இரு நிறுவனங்கள் மோதினால், ஒன்றின் காப்புரிமையை மற்றொன்றும் மீறியிருக்கக்கூடும் என்ற அச்சம் இரண்டையும் அடக்கி வைக்கும். எதையும் தயாரிக்காத நிறுவனத்தின் மீது அத்தகைய எதிர்வழக்குக்கு இடமில்லை. இரண்டாவது, வகுப்பறையில் கலங்கரை விளக்கத்தை உதாரணம் காட்டி நான் ஆண்டுதோறும் விளக்கிய சிக்கல். விளக்கை ஏற்றியவர் ஒருவர். ஒளியைப் பெறுவோர் அனைவரும். ஒரு தவறான காப்புரிமைக் கோரிக்கையை ஒருவர் போராடி முறியடித்தால் பயன் எல்லோருக்கும் கிடைக்கும். செலவு மட்டும் அவருடையது. ஆகவே, யாராவது போராடட்டும் என்று ஒவ்வொருவரும் காத்திருப்பர்.

நியூஎக் என்ற இணைய விற்பனை நிறுவனம் காத்திருக்கவில்லை. 2013 நவம்பரில், டெக்சாஸ் மாநிலத்தின் மார்ஷல் என்ற சிற்றூரில் விசாரணை நடந்தது. டிஃபியே நேரில் வந்து நியூஎக் தரப்பில் சாட்சியம் அளித்தார். ஆயினும் காப்புரிமை செல்லும், அதை நியூஎக் மீறியது என்று கூறிய நடுவர் குழு, 23 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. காப்புரிமை மீறல் நிரூபிக்கப்படவில்லை என்று அதே நீதிமன்றத்தின் நீதிபதி 2015 ஜூலையில் அத்தீர்ப்பைத் தள்ளுபடி செய்தார். அதற்குள் ஏறத்தாழ 20 மாதங்கள் கடந்துவிட்டன. அதே ஆண்டில் வேறொரு நிறுவனம், நீள்வட்ட வளைவுக் குறியாக்கத்தைக் காரணம் காட்டிப் பல இணைய நிறுவனங்கள் மீது புதிதாக வழக்குத் தொடுத்தது.

இத்தகைய நிறுவனங்களுக்கு ஆதரவான வாதமும் உண்டு. பெரு நிறுவனங்களோடு மோத வசதியற்ற தனி ஆய்வாளர் தம் காப்புரிமையை விற்றுப் பயன்பெற இவை வழிசெய்கின்றன என்பர். அதை நான் முற்றிலும் மறுக்கவில்லை. ஆனால், காப்புரிமை என்பது ஓர் ஒப்பந்தம். புதிய அறிவை வெளிப்படுத்துபவருக்குக் குறிப்பிட்ட காலத்துக்குத் தனியுரிமையைச் சமுதாயம் தருகிறது. அந்த அறிவைப் பிறர் கற்றுப் பயனடைவதே அதற்கான ஈடு. இணையக் குறியாக்கம் இந்தக் காப்புரிமையைப் படித்து உருவானதன்று. சமுதாயம் பெற்றது எதுவுமில்லாதபோது, செலுத்திய தொகையை வெகுமதி என்று எப்படிச் சொல்வது?

அமெரிக்கா சில திருத்தங்களைச் செய்திருக்கிறது. தகுதியற்ற காப்புரிமையைக் குறைந்த செலவில் காப்புரிமை அலுவலகத்திலேயே எதிர்க்க 2011ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. விதிவிலக்கான வழக்குகளில் வென்றவருக்குச் செலவுத்தொகை வழங்குவதை 2014இல் உச்ச நீதிமன்றம் எளிதாக்கியது. தமக்குச் சாதகமான ஊரைத் தேடிச்சென்று வழக்குத் தொடுப்பதற்கு 2017இல் வரம்பு விதித்தது. இந்தியாவில், கணினி நிரலுக்கு நிரல் என்ற அளவில் காப்புரிமை இல்லை என்று 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3(கே) பிரிவு கூறுகிறது. அந்தப் பிரிவைத் தளர்த்த வேண்டும் என்ற கோரிக்கை எழும்போதெல்லாம் இந்த வழக்கை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அடிப்படைக் கேள்வி இன்னும் தீரவில்லை. ஆதாரமற்ற வழக்கைத் தொடுப்பவர் தோற்றால் எதிராளியின் செலவையும் ஏற்க வேண்டும் என்பது விதிவிலக்காக அல்லாமல் பொது விதியாக வேண்டும். நியூஎக் தன் பணத்தைக் காப்பாற்றிக்கொண்டது. முன்பே சமரசம் செய்துகொண்ட 140 நிறுவனங்கள் கொடுத்த தொகையையோ அத்தீர்ப்பு மீட்டுத் தரவில்லை.