மணலைத் தின்று வாழும் கடல் அட்டை

மன்னார் வளைகுடாவில் கடல்புல் வளர்ந்திருக்கும் ஆழம் குறைந்த அடித்தரையில், மணலுக்குள் பாதி புதைந்து கிடக்கிறது கடல் அட்டை. கண்ணும் இல்லை, மூளையும் இல்லை. நட்சத்திர மீனும் கடல் முள்ளெலியும்தான் இதற்கு உறவு.

வாயைச் சுற்றியுள்ள உணர்கொம்புகளால் மணலை வழித்து விழுங்குவதே இதன் வேலை. மணலில் ஒட்டியிருக்கும் பாக்டீரியா, நுண்பாசி, மக்கிய துகள்கள் ஆகியவை செரிக்கின்றன. எஞ்சிய மணல் கயிறு திரித்ததுபோல் பின்புறம் வெளியேறுகிறது. இது வெளியேற்றும் அம்மோனியா கடல்புல்லுக்கு உரம். புதைவதும் எழுவதுமாக மணலைக் கிளறிக்கொண்டே இருப்பதால் அடி மணலுக்கும் ஆக்சிஜன் போய்ச் சேர்கிறது.

மூச்சு விடும் முறை இன்னும் விந்தை. ஆசனவாய் வழியே நீரை இழுத்து, உடலுக்குள் கிளைகிளையாகப் பிரிந்திருக்கும் உறுப்பில் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. சில இனங்களில் அதே வாசல் வழியாக மெலிந்த மீன் ஒன்று நுழைந்து உள்ளேயே குடியிருக்கும்!

கையில் எடுத்தால் தோல் சட்டென்று விறைக்கும். தோலிலுள்ள கொலாஜன் இழைகளின் பிணைப்பை இறுக்கவும் தளர்த்தவும் இதற்குத் தெரியும். தளர்த்திக்கொண்டால் குறுகிய பாறை இடுக்கிலும் நுழைந்துவிடும். ஆபத்து முற்றினால் சில இனங்கள் குடலையே வெளியே தள்ளிவிட்டு, சில வாரங்களில் புதிதாக வளர்த்துக்கொள்கின்றன.

இத்தனை வித்தை தெரிந்தும் மனிதர் கையிலிருந்து தப்பவில்லை. அவித்து உலர்த்திய அட்டைக்குச் சீனாவிலும் சிங்கப்பூரிலும் நல்ல விலை. ஓடத் தெரியாத உயிரைச் சேகரிப்பதும் எளிது. ஆணும் பெண்ணும் முறையே விந்தையும் முட்டையையும் நீரில் விடுவதால், அருகருகே பல அட்டைகள் இருந்தால்தான் கருவுறுதல் நடக்கும். எண்ணிக்கை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், மிஞ்சியவை உயிரோடு இருந்தும் இனம் பெருகாது. 2001இல் இந்தியா எல்லாக் கடல் அட்டைகளையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலி இருக்கும் பட்டியல் அது.

அட்டை பிடிக்க இப்படி வந்த தடையால், அட்டை குளித்துப் பிழைத்தவர்களின் வருமானம் போனது உண்மை. ஆனால் 1988இலேயே தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் ஓர் இனத்தின் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உருவாக்கினார்கள். அந்த அறிவைக் கடலில் அட்டையைப் பெருக்கவும், மீனவர் பிழைப்புக்கு வழி செய்யவும் அரசு பயன்படுத்த வேண்டும். அதுவரை, வலையில் அட்டை சிக்கினால் உயிரோடு கடலிலேயே விட்டுவிடுங்கள்.