வளர்த்த கையும் வான்கோழிக் கறியும்

வேலூரிலிருந்து ஆம்பூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், பாலாற்றை ஒட்டி அமைந்திருக்கிறது மாதனூர். இந்த வட்டாரத்தைத் தோலும் காலணியுமே வெளியுலகுக்கு அறிமுகப்படுத்தியிருக்கின்றன. ஆனால், இங்குள்ள வீடுகளின் புறக்கடையில் வேறொரு சிறு பொருளாதாரமும் இயங்குகிறது. நாட்டுக்கோழி, ஆடு ஆகியவற்றுடன் அண்மை ஆண்டுகளில் வான்கோழியும் அதில் இடம்பிடித்துள்ளது. பண்டிகை நெருங்கும்போது இவ்வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது: கையால் தீனி கொடுத்து வளர்த்ததை எப்படி உண்பது? இதை வெறும் மனநெகிழ்ச்சி என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில், இதற்குள் விலை பற்றிய ஓர் அடிப்படைக் கேள்வி இருப்பதாகவே நான் கருதுகிறேன்.

மூதுரையின் வாயிலாக வான்கோழி என்னும் பெயர் தமிழர் அனைவருக்கும் பழக்கமானது. எனினும், இன்று அப்பெயரால் அழைக்கப்படும் பறவையின் தாயகம் வட அமெரிக்கா. ஐரோப்பியக் கடலோடிகளின் வழியே அது உலகெங்கும் பரவியது. 1612-இல் கோவாவிலிருந்து முகலாய அரசவைக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு வான்கோழியைக் கண்டு வியந்த ஜஹாங்கீர், அதை ஓவியமாக்கச் செய்தார். மன்சூர் தீட்டிய அந்த ஓவியம் இன்று லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் உள்ளது. ஆங்கிலேயர் இப்பறவைக்குத் துருக்கியின் பெயரை வைத்தனர். துருக்கியரோ இந்தியாவின் பெயரை வைத்தனர். டச்சு மொழியில் அது கள்ளிக்கோட்டையின் பெயரால் வழங்குகிறது. எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் உலகம் உண்டு பழகிய பறவை இது.

தமிழகத்தில் இதன் வளர்ப்பை ஊக்குவித்ததில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்குப் பெரும் பங்குண்டு. உள்ளூர்க் கறுப்பு வகையையும் 'பெல்ட்ஸ்வில் சிறிய வெள்ளை' என்னும் அயல் இனத்தையும் கலந்து உருவாக்கப்பட்ட 'நந்தனம் வான்கோழி-1' நம் தட்பவெப்பத்துக்கு ஏற்றது. மேய்ச்சலில் விட்டால் புல், கீரை, பூச்சி, நத்தை, கரையான், சமையலறைக் கழிவு என எதையும் உண்டு வளரும். தீவனச் செலவு குறையும். நாட்டுக்கோழிகளுடன் சேர்த்து அடைத்தால் மட்டும் கருந்தலை நோய் தாக்கும் அபாயம் உண்டு என்பதால், தனிக் கொட்டில் நல்லது.

சிக்கல் தொடங்குவது குஞ்சுப் பருவத்தில். கோழி முட்டை 21 நாள்களில் பொரியும். வான்கோழி முட்டைக்கு 28 நாள்கள் ஆகும். பொரித்து வந்த குஞ்சு, கோழிக்குஞ்சைப் போலத் தானாகத் தீனியைத் தேடிக்கொள்வதில்லை. பார்வையும் குறைவு, பதற்றமும் அதிகம். தீனி எதிரே இருந்தும் பட்டினியால் இறந்துபோகும் குஞ்சுகள் உண்டு. எனவே தட்டைத் தட்டிக் காட்டி, வேகவைத்த முட்டையை உதிர்த்து, வண்ணக் கோலிக்குண்டுகளை நீரில் இட்டுக் கவனத்தை ஈர்த்து, உண்ணவும் பருகவும் கற்றுக்கொடுக்க வேண்டும். முதல் நான்கு வாரங்கள் கதகதப்பும் கண்காணிப்பும் குறையக் கூடாது. அதாவது, இத்தொழிலில் இடப்படும் முக்கிய மூலதனம் கவனம். அதைச் செலுத்துவோர் பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் குழந்தைகளும். அந்தக் கவனம் எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. ஆனால் அதுவே பாசமாக மாறுகிறது.

காலணித் தொழிற்சாலையில் பணிபுரியும் அண்டை வீட்டுப் பெண் ஒருவர் தம் வழக்கத்தை என்னிடம் விளக்கினார். "எங்க வீட்டுதை நாங்க அறுக்க மாட்டோம் சார். வித்துட்டு, அந்தக் காசுல கடையில கறி வாங்கிக்குவோம்" என்றார். அறுபடும் பறவைகளின் எண்ணிக்கை இதனால் குறையவில்லை. ஆனாலும் அந்தப் பரிமாற்றத்தில் அவர் உண்மையில் வாங்கியது ஒன்றுண்டு, அது தொலைவு.

இறைச்சிச் சந்தையின் பெரும்பகுதி விற்பதும் இத்தொலைவைத்தான். கறிக்கோழி ஏறத்தாழ ஆறு வாரங்களில் பண்ணையிலிருந்து கடைக்கு வந்துவிடுகிறது. வாங்குபவர் அதன் முகத்தைப் பார்ப்பதில்லை. எங்கள் வட்டாரத்தின் ஆலைகளுக்குப் பிற மாநிலங்களிலிருந்தும் வந்து சேரும் தோல்களும் அப்படியே. விலங்கின் உடலை நம்பி வாழும் ஊர்களில்கூட, விலங்கு கண்ணில் படாமல் இருக்கிறது. கசாப்புத் தொழிலின் கொடுமையும் வெறுப்பூட்டும் தன்மையுமே அதன் வருவாயைப் பிற தொழில்களைவிட உயர்த்துகின்றன என்று 1776-லேயே ஆடம் ஸ்மித் கூறினார். அச்சுமையைச் சுமக்க வேறொருவருக்கு நாம் கூலி கொடுக்கிறோம்.

விலை எதையெல்லாம் விட்டுவிடும் என்பதை இந்த மண் முன்பே கற்றிருக்கிறது. பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் கெட்டதன் செலவு காலணியின் விலையில் இடம்பெறவில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்னும் கோட்பாட்டை 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வலியுறுத்திய பிறகே அது கணக்கில் வந்தது. வளர்த்த பறவையை உண்ணும்போது எழும் துயரமும் அத்தகைய, விலையில் சேராத ஒரு செலவுதான். புறக்கடையில் அதை மறைக்க முடிவதில்லை என்பதே வேறுபாடு.

நம் மரபுகள் இத்துயரத்தை மறைக்க முயன்றதில்லை. புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் முன்வைப்பது தெளிவான பொருளாதார வாதமும்கூட: உண்பதற்காக வாங்குவோர் இல்லையேல் விற்போரும் இருக்க மாட்டார். வள்ளலார் உயிரிரக்கத்தையே வழிபாடாக்கினார். கிராமக் கோயில்களிலோ, நேர்ந்துவிட்ட கிடாய் மீது நீர் தெளித்து, அது உடலைச் சிலிர்த்த பிறகே வெட்டுவர். விலங்கின் சம்மதத்தைக் கேட்கும் வழக்கம் அது. குர்பானி கொடுப்போருக்கு, விலங்கின் கண்ணெதிரே கத்தியைத் தீட்டக் கூடாது என்ற நெறி உண்டு. கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தமிழக அரசு 2003-இல் கண்டிப்புடன் செயல்படுத்த முனைந்தது. எதிர்ப்பு எழ, அடுத்த ஆண்டே அச்சட்டம் நீக்கப்பட்டது. உண்ணாதவரின் அறமும் உண்பவரின் சடங்கும் எதிரெதிர் திசையில் நிற்பினும், உயிர் எடுப்பது எளிய செயல் அன்று என்பதை இரண்டும் ஒப்புக்கொள்கின்றன. அந்த ஒப்புதலுக்கு இடமே இல்லாதது கடையில் தொங்கும் நெகிழிப் பை மட்டுமே.

அழுகை வருகிறது என்றால் அச்செயலே தவறு என்பதற்கு அதுவே சான்று என்பர் சிலர். அவ்வாறு எண்ணி இறைச்சியைக் கைவிடுவோரின் முடிவு மதிக்கத்தக்கது. ஆயினும், புறக்கடைப் பறவை என்பது ஏழைக் குடும்பத்தின் புரதம். பள்ளிக் கட்டணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் உதவும் கையிருப்பு. 2019-ஆம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் புறக்கடையில் வளரும் பறவைகள் சுமார் 31.7 கோடி. அக்குடும்பங்களிடம் சென்று பாசத்தைக் காரணம் காட்டித் தொழிலை விடச் சொல்வது நியாயமாகாது. அதே வேளையில், பாசம் பலவீனம் என்று குழந்தைகளுக்குக் கற்பிப்பதும் நியாயமாகாது.

செய்யக்கூடியவை சில உள்ளன. உணவுக்காக விலங்கைக் கொல்வதை அனுமதிக்கும் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், தேவையற்ற வலி தரக் கூடாது என்ற நிபந்தனையையும் விதிக்கிறது. கால்களைக் கட்டி, இருசக்கர வாகனத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பறவைகளைக் கொண்டுசெல்லும் காட்சி, அந்நிபந்தனையை நாம் எவ்வளவு மதிக்கிறோம் என்பதைக் காட்டுகிறது. கூரிய கத்தி, பழகிய கை, பிற பறவைகளின் கண்ணில் படாத இடம் ஆகியவற்றுக்குப் பெரிய செலவில்லை. இறைச்சியைக் குறைவாக உண்டு, நன்கு வளர்க்கப்பட்டதற்குக் கூடுதல் விலை கொடுப்பது நகரத்தவர் செய்யக்கூடியது. 'நம் வான்கோழி எங்கே?' என்று கேட்கும் குழந்தையிடம் பறந்துபோய்விட்டது என்று பொய் சொல்லாமல் இருப்பது பெற்றோர் செய்யக்கூடியது.

தட்டில் உள்ளதை உண்பதா மறுப்பதா என்பது அவரவர் முடிவு. ஆனால், அங்கே இருப்பது ஓர் உயிரின் விலை என்பதை அறிந்தே அம்முடிவை எடுக்க வேண்டும். அந்த அறிவு, பேரங்காடிகளைவிட மாதனூரின் புறக்கடைகளில் அதிகமாகவே இருக்கிறது.