வாடகைக்குப் போதாத வாடகை உதவி

பிரிட்டனில் வேலையில்லாத குடும்பத்துக்கு அரசாங்கமே வீடு கொடுக்கும், வாடகையும் கட்டிவிடும் என்ற எண்ணம் தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் இன்றும் இருக்கிறது. பிரிட்டனுக்குள்ளேயே வேறொரு பேச்சு உண்டு: உதவித்தொகை வாங்குகிறவர்கள் அடுத்தவர் வரிப்பணத்தில் வசதியாக வாழ்கிறார்கள் என்பது அது. ஒரு காலத்தில் முதல் எண்ணத்தில் ஓரளவு உண்மை இருந்தது. இன்று தனியார் வீட்டில் வாடகைக்கு இருக்கும் ஏழைக் குடும்பத்தின் நிலை இரண்டுக்கும் பொருந்தாது. அரசு தரும் வாடகைப் பணம் பெரும்பாலான இடங்களில் வாடகையைத் தொடுவதில்லை. மீதியைச் சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் வைத்த பணத்திலிருந்து எடுத்துக் கட்டுகிறார்கள். அதுவும் முடியாதபோது வீட்டைக் காலி செய்கிறார்கள். இப்படி வாடகை உதவியை இறுக்கிப் பிடித்து மத்திய அரசு மிச்சம் காட்டும் பணத்தில் ஒரு பகுதி, உள்ளூர்க் கவுன்சில்களின் கணக்கில் செலவாகத் திரும்பி வருகிறது. அந்தச் செலவில் யாருக்கும் நல்ல வீடு கிடைப்பதில்லை.

இந்த நிலை திடீரென்று வந்ததல்ல. 1980-ல் மார்கரெட் தாட்சர் அரசு கொண்டுவந்த சட்டம், கவுன்சில் வாடகைக்கு விட்ட வீட்டில் இருப்பவர் அதைச் சலுகை விலையில் வாங்கிக்கொள்ள உரிமை தந்தது. இங்கிலாந்தில் சுமார் 20 லட்சம் வீடுகள் அப்படிக் கைமாறின. விற்ற அளவுக்குப் புது வீடுகள் கட்டப்படவில்லை. 1988-ன் வீட்டுவசதிச் சட்டம், அதற்குப் பிறகு வந்த தனியார் குடித்தனங்களின் வாடகைக் கட்டுப்பாட்டை நீக்கியது. வாடகை ஏறினால் ஏழைகள் என்ன செய்வார்கள் என்ற கேள்விக்கு, 1991-ல் வீட்டுவசதி அமைச்சராக இருந்த சர் ஜார்ஜ் யங் நாடாளுமன்றத்தில் தெளிவாகவே பதில் சொன்னார்: சந்தை வாடகையைக் கட்ட முடியாதவர்களின் சுமையை வாடகை உதவித்தொகை தாங்கிக்கொள்ளும். அரசு வீடு கட்டுவதற்குப் பதிலாக வாடகைக்குப் பணம் தரும் என்பதுதான் அன்று போட்ட ஏற்பாடு. வீடு கட்டுவதை நிறுத்தியவர்கள் பின்னால் பணத்தையும் குறைக்கத் தொடங்கினார்கள் என்பதே இந்தக் கதையின் மையம்.

2008-ல் நாடு முழுவதும் வந்த ‘லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ்’ என்ற முறையில்தான் இன்றும் தனியார் வாடகைக்கான உதவி கணக்கிடப்படுகிறது. ஒரு வட்டாரத்தில் உள்ள வாடகைகளைக் குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசைப்படுத்தி, நடுவில் வரும் வாடகையை உச்சவரம்பாக முதலில் வைத்தார்கள். வாடகைக்கு விடும் வீடுகளில் பாதி அந்த வரம்புக்குள் வந்தது. 2011-ல் அதை 30 விழுக்காட்டுக்கு இறக்கினார்கள். அதாவது 100 வீடுகளில் மலிவான 30 மட்டுமே உதவிக்குள் அடங்கும். அதோடு நின்றிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். 2016 முதல் நான்கு ஆண்டுகள் தொகை ஒரே இடத்தில் உறைந்து கிடந்தது. கொரோனா வந்தபோது, 2020 ஏப்ரலில், மீண்டும் 30 விழுக்காட்டுக்கு உயர்த்தி, உடனே அடுத்த நான்கு ஆண்டுகளுக்கு உறைய வைத்தார்கள். அந்த நான்கு ஆண்டுகளில்தான் வாடகைகள் வேகமாக ஏறின. 2023 தொடக்கத்தில் இணையத்தில் விளம்பரமான வாடகை வீடுகளில் 100-க்கு 5 மட்டுமே இந்த வரம்புக்குள் இருந்ததாக நிதி ஆய்வு நிறுவனமான ஐ.எஃப்.எஸ். கணக்கிட்டது, 2020-ல் அது 23. 2024 ஏப்ரலில் தொகை மறுபடி உயர்ந்தது. 16 லட்சம் குடும்பங்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 800 பவுண்டு கூடுதலாகக் கிடைக்கும் என்று அரசு சொன்னது. 2025-ல் மீண்டும் உறைநிலை, 2026-க்கும் அதே. வாடகை மாதாமாதம் நகர்கிறது. உதவி நான்கு ஆண்டுக்கொரு முறை கண் விழிக்கிறது.

இதற்கு மேல் இன்னொரு பூட்டும் உண்டு. ஒரு குடும்பம் வாங்கும் பெரும்பாலான உதவித்தொகைகளுக்கும் சேர்த்து 2013-ல் ஒரு மொத்த வரம்பு போட்டார்கள். 2016-ல் அதைக் குறைத்தார்கள்; 2023-ல் கொஞ்சம் உயர்த்தினார்கள். இப்போது லண்டனில் ஆண்டுக்கு 25,323 பவுண்டு, மற்ற இடங்களில் 22,020 பவுண்டு. கேட்பதற்குப் பெரிய தொகைதான். 2025-26-ன் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கணவன், மனைவி, 2017 ஏப்ரலுக்குப் பின் பிறந்த இரண்டு குழந்தைகள், கையில் வருமானம் இல்லை. யூனிவர்சல் கிரெடிட் என்ற அடிப்படை உதவித்தொகையில் தம்பதிக்கு மாதம் 628 பவுண்டு, இரண்டு குழந்தைகளுக்கு 586 பவுண்டு, தனியாக வரும் குழந்தை உதவித்தொகை 188 பவுண்டு. ஆக மொத்தம் ஏறக்குறைய 1,401. லண்டனில் மாத வரம்பு 2,110. மிஞ்சுவது 709 பவுண்டு. வாடகைக்கு இவ்வளவுதான் இடம். லண்டனின் சராசரித் தனியார் வாடகையோ 2025-ல் 2,200 பவுண்டைத் தாண்டியது. மலிவான வட்டாரமாகப் பார்த்துப் போனாலும் அந்தப் பணத்துக்கு ஒரு குடும்பம் குடியிருக்கத் தனி வீடு கிடைக்காது. லண்டனுக்கு வெளியே இதே கணக்கில் மிஞ்சுவது 434 பவுண்டு மட்டுமே. மூன்றாவது குழந்தைக்கு உதவியில்லை என்ற விதி 2026 ஏப்ரலில் நீங்கும் என்று 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நல்ல முடிவு. ஆனால் மொத்த வரம்பை ஏற்கெனவே தொட்டு நிற்கும் குடும்பத்துக்கு அதனால் ஒரு பென்னியும் கூடுதலாகக் கிடைக்காது.

அப்படியானால் எப்படித்தான் சமாளிக்கிறார்கள்? வேலை தேடுவது முதல் வழி. 2025-26-ல் குடும்பத்தின் மாதச் சம்பளம் 846 பவுண்டைத் தொட்டால் மொத்த வரம்பு பொருந்தாது; குறைந்தபட்ச ஊதியத்தில் வாரம் 16 மணி நேர வேலைக்கு அது சமம். கைக்குழந்தையோடு தனியாக இருக்கும் தாய்க்கு அந்த 16 மணி நேரம் எளிதல்ல. இரண்டாவது, கவுன்சில் தன் விருப்பப்படி தரும் சிறப்பு வாடகை உதவி; அது சில மாதங்களுக்குத்தான், நிதி தீர்ந்தால் அதுவும் இல்லை. மூன்றாவது, நெருக்கியடித்து வாழ்வது. இரண்டு அறை தேவைப்படும் குடும்பம் ஒரே அறையில் முடங்குகிறது, அடுப்படியை இன்னொரு குடும்பத்தோடு பங்கிட்டுக்கொள்கிறது. லண்டனில் தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கும் ஈஸ்ட்ஹாம் அடங்கிய நியூஹாம் பகுதியில் இந்த நெருக்கடி கூடுதல். இவை போதாதென்று, வேறு வீட்டுக்குள் நுழைவதற்கே தடை. முன்பணம் ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2019-ல் சட்டம் வந்தது. ஆனால் அந்த ஐந்து வாரப் பணமும் முதல் மாத வாடகையும் ஒரே நாளில் கையில் இருக்க வேண்டும். யூனிவர்சல் கிரெடிட்டுக்கு முதன்முறை விண்ணப்பித்தால் முதல் பணம் வர ஐந்து வாரம் ஆகும். நல்ல வருமானமுள்ள ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்பார். அண்மையில் அகதியாக வந்து சேர்ந்தவருக்கு அப்படி யாரைத் தெரியும்?

வீடு போனால் அடுத்தது கவுன்சில் வாசல். குழந்தைகளோடு தெருவுக்கு வந்த, அங்கு உதவி பெறும் உரிமையுள்ள குடும்பத்தைக் கவுன்சில் கைவிட முடியாது. சட்டப்படி தற்காலிகத் தங்குமிடம் கொடுத்தாக வேண்டும். 2025 மார்ச் இறுதியில் இங்கிலாந்தில் 1,31,000-க்கு மேற்பட்ட குடும்பங்கள் அப்படித் தங்கியிருந்தன. அவற்றில் 1,69,000 குழந்தைகள். பலர் இருப்பது ஹோட்டல் அறையில்: ஒரு கட்டில், ஒரு கெட்டில், சமைக்க வசதி இல்லை. அப்படிப்பட்ட அறையில் குழந்தைகளை ஆறு வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்ற விதி அடிக்கடி மீறப்படுகிறது. 2024-25-ல் கவுன்சில்கள் இதற்குச் செலவிட்டது சுமார் 280 கோடி பவுண்டு. இந்தச் செலவில் மத்திய அரசு கவுன்சில்களுக்குத் திருப்பித் தரும் தொகையின் அளவுகோல், 2011 ஜனவரி வாடகை உதவித் தொகையில் 90 விழுக்காடு என்பதுதான். மீதிப் பள்ளத்தைக் கவுன்சில் தன் நூலகத்திலிருந்தும் முதியோர் பராமரிப்பிலிருந்தும் எடுத்து நிரப்புகிறது. வாடகை உதவிக் குடும்பம் வேண்டாம் என்று சொன்ன வீட்டுக்காரர், அதே வீட்டை இரவுக் கணக்கில் கூடுதல் விலைக்குக் கவுன்சிலுக்கு விடுவதும் நடக்கிறது. அதே குடும்பம்கூட அங்கே வந்து சேரலாம். மாதம் 200, 300 பவுண்டு கூடுதலாகக் கொடுத்திருந்தால் பழைய வீட்டிலேயே இருந்திருக்கக்கூடிய குடும்பம் அது.

உதவித்தொகையை உயர்த்தினால் வீட்டுக்காரர்கள் வாடகையைத்தான் ஏற்றுவார்கள், அரசுப் பணம் அவர்கள் பைக்குப் போகும் என்பது வலுவான ஆட்சேபம். வீடு பற்றாக்குறையான சந்தையில் இந்தக் கவலை நியாயமானதே. ஆனால் இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்பு கிடைத்தது. 2011-ல் தொகையைக் குறைத்தபோது அரசே அதன் விளைவை ஆய்வு செய்யச் சொன்னது. வீட்டுக்காரர்கள் வாடகையைக் குறைத்துக்கொண்டார்களா? ஓரளவே. குறைப்பின் சுமையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு வாடகைக்கு இருந்தவர்கள் தலையில் விழுந்தது என்றது அந்த ஆய்வு. உதவி வாங்குவோர் சந்தையில் ஒரு பகுதியினர்தான். அவர்கள் விட்டுப்போனால் அந்த வீட்டை எடுக்கச் சம்பளக்காரர் ஒருவர் காத்திருக்கிறார். வீட்டுக்காரர் இறங்கிவர வேண்டிய கட்டாயம் இல்லை. குறைத்தபோது வாடகை பெரிதாக இறங்கவில்லை என்றால், உயர்த்தினால் முழுவதும் வாடகையாகவே போய்விடும் என்ற வாதமும் தளர்ந்துபோகிறது.

வேலை செய்கிறவர்களே லண்டனில் வாடகை கட்ட முடியாமல் வெளியேறும்போது, உதவி வாங்குகிறவர்கள் மட்டும் அங்கேயே இருக்க வேண்டுமா என்பது இன்னொரு கேள்வி. இதன் வேதனை உண்மையானது. எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் யூனிவர்சல் கிரெடிட் வாங்குவோரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வேலையில் இருப்பவர். மருத்துவமனையைத் துப்புரவு செய்கிறவரும் முதியோரைப் பராமரிக்கிறவரும் அவர்களில் அடக்கம். அவர்களை நகரத்திலிருந்து தள்ளினால் அந்த வேலையை யார் செய்வது? மலிவான ஊருக்குப் போகச் சொல்வது சுலபம். அங்கே வாடகை குறைவுதான், ஆனால் மொத்த வரம்பும் குறைவு, வேலையும் குறைவு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியும் கூட வரமாட்டார். ஏற்கெனவே 30 விழுக்காடு என்பது வட்டாரத்தின் மலிவான வீடுகளைத்தான் குறிக்கிறது. சொகுசுக்கு அதில் இடமே இல்லை.

கவுன்சில் வீடுகளை மறுபடி கட்டுவதே நிரந்தரத் தீர்வு என்பவர்கள் சொல்வது சரி. பத்து ஆண்டுகளில் 3,900 கோடி பவுண்டை மலிவு வாடகை வீடுகளுக்கு ஒதுக்குவதாக 2025 ஜூனில் அரசு அறிவித்திருக்கிறது. ஆனால் இங்கிலாந்தில் காத்திருப்புப் பட்டியலில் உள்ள குடும்பங்கள் 13 லட்சத்துக்கு மேல், இன்று அஸ்திவாரம் போட்ட வீடு இந்த வாடகை மாதத்துக்கு உதவாது. காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்வதை 2025-ன் வாடகைக்காரர் உரிமைச் சட்டம் 2026 மே 1 முதல் தடை செய்கிறது. உதவித்தொகை வாங்குவோரை அந்தக் காரணத்தாலேயே ஒதுக்குவதையும் அது தடுக்கிறது. இந்த உரிமைகள் அவசியமானவை. ஆனால் ஒதுக்கக் கூடாது என்ற சட்டத்தால் 709 பவுண்டை 2,200 பவுண்டாக்க முடியாது. விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்ட பிறகும், வாடகைக்குப் போதுமா என்று பார்க்கும் வீட்டுக்காரரின் கேள்வி அப்படியே இருக்கும். உடனடியாகச் செய்யக்கூடியவை மூன்று: வாடகை உதவியை ஆண்டுதோறும் 30 விழுக்காட்டு அளவோடு சட்டப்படி பிணைப்பது, வாடகைப் பகுதியை மொத்த வரம்பிலிருந்து விலக்குவது, தற்காலிகத் தங்குமிடத்துக்கான மானியத்தை 2011-லிருந்து இன்றைய வாடகைக்குக் கொண்டுவருவது. இதற்கெல்லாம் நூற்றுக்கணக்கான கோடி பவுண்டு ஆகும் என்று நிதி அமைச்சகம் சொல்லும். அந்தப் பணத்தில் ஒரு பகுதி ஹோட்டல் அறைகளுக்கு ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது.