சீர்காழித் தமிழிசை மூவர் மணிமண்டபம்: நினைவிடமும் கலைக்கூடமும்

முன்னுரை

மயிலாடுதுறை மாவட்டத்தில் அமைந்த சீர்காழி, திருஞானசம்பந்தர் பிறந்த ஊராகும். தமிழ்க் கீர்த்தனை மரபின் முன்னோடிகளான முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை ஆகியோருக்கு இவ்வூரில் தமிழக அரசு மணிமண்டபம் அமைத்துள்ளது. அம்மூவரின் வரலாற்றையும், அவர்தம் பெயரால் விளங்கும் மண்டபம் ஆற்றத்தக்க பணியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மூவரும் காலமும்

மூவருள் மூத்தவரான முத்துத்தாண்டவர் சீர்காழியினர். தில்லைக் கூத்தனைப் பாடியவர். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் கீர்த்தனை அமைப்பைத் தொடக்கத்திலேயே தமிழில் கையாண்டவராக இவர் போற்றப்படுகிறார். அருணாசலக் கவிராயர் (1711–1779) தில்லையாடியில் பிறந்து சீர்காழியில் வாழ்ந்தவர். இராம நாடகக் கீர்த்தனையின் ஆசிரியர். மாரிமுத்தாப் பிள்ளை சிதம்பரத்தை அடுத்த தில்லைவிடங்கனில் தோன்றியவர், 18ஆம் நூற்றாண்டினர். திருவாரூரில் பிறந்த சங்கீத மும்மூர்த்திகளுள் மூத்தவரான சியாமா சாஸ்திரி தோன்றிய ஆண்டு 1762. எனவே இம்மூவரும் அவர்களுக்கு முற்பட்டவராவர்.

சொல்லும் இசையும்

இராம நாடகத்தின் சொல் கவிராயருடையது. அதற்கு இசையமைத்தவர்கள் சீர்காழியை அடுத்த சட்டநாதபுரத்தைச் சேர்ந்த அவர்தம் மாணாக்கர்களான வேங்கடராமையரும் கோதண்டராமையரும் ஆவர். புலவரும் பாடகரும் அருகிருந்து பயின்ற சூழலே அந்நூலை உருவாக்கியது எனலாம். கட்டடம் இல்லாத காலத்துக் கலைக்கூடம் அதுவே.

அச்சூழல் குலைந்தபின் சொல் ஏட்டில் எஞ்சியது; பழைய மெட்டுகளில் பெரும்பகுதி மறைந்தது. முத்துத்தாண்டவர் பாடல்களுக்கும் இதுவே நேர்ந்தது. இன்று மேடைகளில் ஒலிக்கும் மூவர் பாடல்கள் பலவற்றின் இசை, இருபதாம் நூற்றாண்டு இசைவாணர்கள் அமைத்ததாகும். இராம நாடகப் பாடல்களுக்கு அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் மெட்டமைத்ததை இதற்குச் சான்றாகக் காட்டலாம்.

தேவாரம் தரும் பாடம்

தேவார ஏடுகள் கிடைத்தபின், அவற்றின் பண்களை அறிய நம்பியாண்டார் நம்பி திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தியை நாடினார் எனத் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. சொல்லை ஏடு காக்கும். பண்ணைப் பாடுவோர் மரபே காக்கும் என்னும் உண்மை இதனால் பெறப்படுகிறது. 2023 ஏப்ரலில் சீர்காழிச் சட்டைநாதர் கோயிலில் மண்ணைத் தோண்டியபோது, திருமேனிகளுடன் தேவாரம் பொறித்த செப்பேடுகள் நானூற்றுக்கும் மேற்பட்டவை வெளிப்பட்டன. செம்பும் சொல்லையே காத்துள்ளது. அதன் இசையைக் கோயில்களில் வழிவழியாகப் பாடிவரும் ஓதுவார்களிடமே கேட்க இயலும்.

தமிழிசை இயக்கம்

இந்த இழப்பை ஈடுசெய்யும் முயற்சியாகத் தமிழிசை இயக்கத்தைக் கருதலாம். அண்ணாமலை அரசரின் முயற்சியால் 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்பட்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழிசைப் பாடல்களை இசைக்குறிப்புடன் தொகுதிகளாக வெளியிட்டது. சீர்காழி கோவிந்தராஜன் (1933–1988) தம் ஊர்ப்பெயரைத் தமிழிசையோடு பிரிக்கவியலாதபடி இணைத்தார்.

மண்டபத்தின் பணி

மூவரின் திருவுருவச் சிலைகளைக் கொண்ட மணிமண்டபம் அவர்தம் பெயரை நிலைநிறுத்துகிறது. ஆயினும் சிலை பாடாது. ஊர்ச் சிறுவர்க்கு மூவர் கீர்த்தனைகளைப் பயிற்றுதல், முதிய பாடகரும் நாகசுரக் கலைஞரும் அறிந்த பாடாந்தரங்களைப் பதிவுசெய்தல், இராம நாடகத்தைத் தொடர்ந்து அரங்கேற்றுதல் ஆகிய மூன்றும் நிகழுமிடத்தில்தான் நினைவிடம் கலைக்கூடமாகிறது. ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிதம்பரத்தில் இசைக்கல்வி வழங்கும் பல்கலைக்கழகம் இருப்பது இப்பணிக்குத் துணையாகும்.

முடிவுரை

மூவரின் சொற்கள் அச்சேறிவிட்டன. அவை அழியும் அச்சம் இன்று குறைவு. அவற்றைப் பாடும் குரல்களுக்கு அத்தகைய காப்பு இல்லை. ஒரு தலைமுறை பாடாது விடின் மெட்டு மறையும் என்பதை மூவரின் வரலாறே காட்டுகிறது. ஆதலின் மணிமண்டபத்தின் பயன், அங்கு எத்தனை பேர் வந்து வணங்கினர் என்பதைவிட, எத்தனை பேர் பாடக் கற்றுச் சென்றனர் என்பதனாலேயே அளக்கப்படும்.