இடுப்புக்கு பெல்ட், கைக்கு ஸ்ட்ராப்: எப்போது தேவை?

ஜிம்முக்குள் நுழைந்ததும் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் அவிழ்க்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. டம்பெல்லை வைத்து பைசெப்ஸ் கர்ல் அடிக்கும்போதும் அது இடுப்பில் இருக்கும். டிரெட்மில்லில் நடக்கும்போதும் இருக்கும். கேட்டால் "முதுகுக்கு சப்போர்ட்" என்பார்கள். உண்மையில் பெல்ட்டின் முக்கிய வேலை முதுகில் இல்லை, வயிற்றில்.

கனமான பொருளைத் தூக்கும் முன், யாரும் சொல்லித் தராமலேயே மனிதர்கள் மூச்சை இழுத்து அடக்கிக்கொள்கிறார்கள். அப்போது உதரவிதானம் கீழே இறங்குகிறது, வயிற்றுத் தசைகள் இறுகுகின்றன, உள்ளே அழுத்தம் கூடுகிறது. காற்றடைத்த டயர் வண்டியைத் தாங்குவதுபோல அந்த அழுத்தம் முதுகெலும்புக்கு முன்னாலிருந்து முட்டுக்கொடுக்கிறது. இப்படி மூச்சை அடக்கி முக்குவதற்கு வால்சால்வா முறை என்று பெயர். 1704-இல் காதைப் பற்றி நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் அந்தோனியோ வால்சால்வாவின் பெயர் அது. வயிறு வெளியே தள்ளும்போது எதிர்த்து நிற்க ஒரு சுவர் கிடைத்தால் அழுத்தம் இன்னும் ஏறும். பெல்ட்தான் அந்தச் சுவர். மூச்சை நிரப்பி வயிற்றால் தள்ளத் தெரியாதவருக்கு அது தோல் அலங்காரம், அவ்வளவுதான்.

பெல்ட் கட்டினால் முதுகு பிடிக்காது என்ற நம்பிக்கையை அமெரிக்காவில் பெரிய அளவிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். புதிதாகத் திறந்த 160 கடைகளில் சரக்கு ஏற்றி இறக்கும் 9,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களிடம், அந்நாட்டு அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் நடத்திய ஆய்வு 2000-ஆம் ஆண்டு 'ஜாமா' மருத்துவ இதழில் வெளியானது. தினமும் பெல்ட் கட்டியவர்களுக்கும், கட்டவே கட்டாதவர்கள் அல்லது எப்போதாவது கட்டியவர்களுக்கும் முதுகுவலியிலோ முதுகுக் காயத்திலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. அங்கே நடந்தது நாள் முழுக்கப் பெட்டி தூக்கும் வேலை, இரண்டே தடவை தூக்கும் கனத்த பார்பெல் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் பெல்ட்டைக் காப்புக் கயிறாக நம்பி எடையை ஏற்றுகிறவர்கள் இந்த முடிவைத் தெரிந்துகொள்வது நல்லது.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பயம் இருக்கிறது: பெல்ட் கட்டினால் இடுப்புத் தசைகள் சோம்பிவிடும் என்று. அதற்கும் பெரிய ஆதாரம் இல்லை. அதிகபட்ச எடையில் 90 சதவீதத்தை வைத்து, பெல்ட்டோடும் இல்லாமலும் ஸ்குவாட் செய்யவைத்து அளந்த 2001-ஆம் ஆண்டு ஆய்வில், தசைகளின் உழைப்பு இரண்டு முறையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. பெல்ட் கட்டியபோது எடை சற்று வேகமாக நகர்ந்தது.

அப்படியானால் எப்போது கட்டலாம்? ஸ்குவாட், டெட்லிஃப்ட், நின்றுகொண்டு தலைக்கு மேல் தள்ளும் பிரஸ் போன்ற, முதுகெலும்பில் நேராகப் பாரம் இறங்கும் பயிற்சிகளில், அதுவும் கனமான செட்களில் மட்டும். தன்னால் முடிந்த அதிகபட்சத்தில் ஏறத்தாழ 80 சதவீதத்தைத் தாண்டும்போது என்பது பயிற்சியாளர்கள் பலர் சொல்லும் கணக்கு. ஒருவர் ஒரே ஒரு முறை 100 கிலோ ஸ்குவாட் செய்ய முடியுமென்றால், 50, 60, 70 கிலோ செட்களை வெறும் இடுப்போடு முடித்து, 80-க்கு மேல் கட்டிக்கொள்ளலாம். செட் முடிந்ததும் தளர்த்திவிட வேண்டும். பயிற்சி தொடங்கிய முதல் சில மாதங்களுக்கு பெல்ட்டே வேண்டாம். மூச்சைப் பிடிக்கவும் முதுகை நேராக வைக்கவும் உடம்பு முதலில் பழகட்டும்.

விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், ஒரு விரல் நுழையும் அளவு இறுக்கம் போதும். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு கட்டுவது தலைகீழ் பழக்கம். பின்பக்கம் அகலமாகவும் முன்பக்கம் ஒல்லியாகவும் வரும் பெல்ட்கள் பார்க்க நன்றாயிருக்கும். ஆனால் வயிறு தள்ள வேண்டிய இடத்தில்தான் அவற்றில் அகலம் குறைகிறது.

இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது தனி. 1985-இல் வெளியான ஓர் ஆய்வில், பாடிபில்டர்கள் ஐந்து பேரின் தமனிக்குள்ளேயே கருவி வைத்து அளந்தார்கள். கனமான லெக் பிரஸ்ஸின்போது சராசரி அழுத்தம் 320/250-ஐத் தொட்டது. மூச்சை அடக்கி முக்குவதும் அதற்கு ஒரு காரணம். பி.பி., குடலிறக்கம், கண் அழுத்த நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பக்கம் வரக்கூடாது.

ஸ்ட்ராப் கதை வேறு. டெட்லிஃப்ட்டில் தொடையும் முதுகும் இன்னும் தாங்கும் என்ற நிலையிலேயே விரல்கள் திறந்துகொள்ளும். மணிக்கட்டில் மாட்டிய துணிப்பட்டையைக் கம்பியில் சுற்றிவிட்டால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் முதல் செட்டிலேயே சுற்றுகிறவரின் பிடி என்றைக்கும் வளராது. முதலில் கையில் ஜிம் சாக் தூளைப் பூசி, வெறுங்கையால் முடிந்தவரை தூக்கிவிட்டு, கடைசிக் கனமான செட்களுக்கும், ரோ, ஷ்ரக் போன்று பல தடவை இழுக்கும் பயிற்சிகளுக்கும் ஸ்ட்ராப்பை எடுப்பதே சரி.

ஒரு இடத்தில் அது ஆபத்து. தோளுக்கு எடையை ஏற்றும் கிளீனில் முழங்கைகள் சட்டென்று கம்பிக்கு அடியில் சுழன்று வரும். தவறினால் கம்பியைக் கைவிட வேண்டும். கட்டுண்ட கையால் விட முடியாது, மணிக்கட்டு முறியலாம்.

பெஞ்ச் பிரஸ்ஸுக்கு ஸ்ட்ராப் எதற்கும் உதவாது. அங்கே வேலை தள்ளுவது. மணிக்கட்டு பின்னால் மடங்கினால் அதற்கு வேண்டியது ரிஸ்ட் ரேப், அதாவது மணிக்கட்டைச் சுற்றிக் கட்டும் அழுத்தமான பட்டை. கடைகளில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்குவதால் பலர் மாற்றி வாங்கி வருகிறார்கள்.

2016-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் எடி ஹால் 500 கிலோ டெட்லிஃப்ட் செய்தபோது கையில் ஸ்ட்ராப் இருந்தது. ஸ்ட்ராங்மேன் போட்டி அதை அனுமதிக்கிறது. ஒலிம்பிக் வகைப் பளுதூக்குதலில் அந்தச் சலுகை கிடையாது. வேலூர்க்காரர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஸ்னாட்ச்சில் 149 கிலோவும், கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179 கிலோவும் தூக்கித் தங்கம் வென்றது விரல்களின் பிடியை மட்டும் நம்பித்தான்.

போட்டிக்குப் போகும் எண்ணம் இருப்பவர்கள் பெல்ட் வாங்கும்போது ஒரு ஸ்கேலையும் கொண்டுபோகலாம். சர்வதேச பவர்லிஃப்டிங் விதிப்படி அகலம் 10 சென்டிமீட்டருக்கும் தடிமன் 13 மில்லிமீட்டருக்கும் மேல் போகக்கூடாது. பளுதூக்குதலில் 12 சென்டிமீட்டர் அகலம் வரை செல்லும். ஸ்ட்ராப்புக்கு இரண்டு மேடைகளிலும் இடமில்லை.